விடைக்கு ஆறு மாதம்

அக்கா மகன் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். மூன்றாம் ஆண்டு. கே.கே. நகரில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் ஜன்னல் வைத்த அறை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அங்கே விளக்கு எரியும். போன மார்கழியில் ஒருநாள் காலையில் இறங்கி வந்தவன், காப்பித் தம்ளரைக் கையில் வாங்காமலே சொன்னான்.

"மாமா, இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு கணக்குப் போட்டிருக்கேன். நேத்து போட்டியில ஒண்ணுகூட வரல. எனக்கு இது வராது போல. விட்டுடலாம்னு இருக்கேன்."

அவன் சொன்ன கணக்கு, புரோகிராமிங் போட்டிக் கணக்கு. ஒரு புதிரைக் கொடுப்பார்கள். அதைத் தீர்க்கும் நிரலை எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். மறுமுனையில் 'ஜட்ஜ்' என்று ஒரு எந்திரம். நமக்குக் காட்டாத உள்ளீடுகளை அந்த நிரலுக்குக் கொடுத்துப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று தீர்ப்புச் சொல்லும். கம்பெனிகள் ஆள் எடுக்க நடத்தும் முதல் தேர்வும் இப்போது பெரும்பாலும் இதே வடிவம்தான். அதனால் அவன் 'விட்டுடலாம்' என்றது ஒரு விளையாட்டை மட்டும் அல்ல என்று எனக்குப் புரிந்தது.

அன்று ராத்திரி மாடிக்குப் போய் அவன் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கணக்கைப் படித்தான். பத்து நிமிடம் பேனாவை உருட்டினான். பிறகு பக்கத்திலேயே இருந்த விளக்கவுரையைத் திறந்தான். படித்து, தலையாட்டி, "அட, இவ்வளவுதானா" என்று சொல்லிக்கொண்டே அதே வழியை நிரலாக எழுதி ஏற்றினான். பச்சை நிறத்தில் 'அக்செப்டட்' வந்தது. எண்ணிக்கை 413 ஆனது.

"நானூத்திச் சொச்சமும் இப்படித்தானாடா?"

"முக்கால்வாசி இப்படித்தான் மாமா. ஒவ்வொண்ணுலயும் உக்காந்தா டைம் பத்தாது."

நான் கம்ப்யூட்டர்க்காரன் இல்லை. கணித வரலாறு படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனால் அவனுடைய சிக்கல் கம்ப்யூட்டரைவிடப் பழையது என்று தோன்றியது. கேள்விக்கும் விடைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியமான கட்டம் நம் கும்பகோணத்தில் நடந்தது.

*

முதலில் அந்தத் தூரமே இல்லாத ஓர் இடம். நம் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே கணக்கு என்றால் எண்சுவடி. பையன்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். வாய்பாட்டைச் சத்தமாகச் சொன்னார்கள். சட்டாம்பிள்ளை கூடவே நின்று சரிபார்த்தான். முழு எண்களோடு நிற்கவில்லை. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இந்தப் பின்னங்களின் பெருக்கல்களும் மனப்பாடம். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் கூலி பிரிக்கவும் அது போதுமானதாக இருந்தது. களத்துமேட்டில் நின்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கேட்ட நொடியில் விடை நாக்கில் இருக்க வேண்டும்.

கொஞ்சம் மேலே போனால் காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்'. பலாப்பழத்தை அறுக்காமலே அதில் எத்தனை சுளை என்று சொல்ல அதில் ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். கேள்வி, வழி, விடை மூன்றும் ஒரே முடிச்சு. ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று பையன் கேட்க இடமில்லை.

இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். எதை யோசிக்காமல் செய்ய வேண்டுமோ அதற்கு மனப்பாடம்தான் சரி. என் மருமகனும் ஒரு பட்டியலை வரிசைப்படுத்துவது, வரிசையில் ஒரு எண்ணை இரண்டிரண்டாகப் பிளந்து தேடுவது போன்றவற்றை முந்திரி வாய்பாடு மாதிரி கையில் வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் வாய்பாடு, பார்த்த கணக்குக்குத்தான் உதவும். போட்டியில் வருவது பார்க்காத கணக்கு. விளக்கவுரையைப் படித்துப் படித்து அவன் நானூறு முடிச்சுகளை வாங்கி வைத்திருந்தான். ஒன்றைக்கூட அவன் கை போட்டதில்லை.

*

1903இல் கும்பகோணத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கைக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. ஜார்ஜ் ஷூப்ரிட்ஜ் கார் எழுதிய 'சினாப்சிஸ்'. பையன் ராமானுஜன். கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் புத்தகம் என்ன மாதிரியானது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

கார் பெரிய கணித மேதை இல்லை. டியூஷன் எடுத்தவர். அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜின் 'டிரைபாஸ்' கணிதத் தேர்வு ஒரு பந்தயம் மாதிரி. மதிப்பெண் வரிசையில் முதலில் வருபவர் 'சீனியர் ரேங்லர்'. புனேயிலிருந்து போன ஆர்.பி. பராஞ்ச்பே 1899இல் அந்த இடத்தைப் பிடித்தபோது இந்தியா முழுக்கக் கொண்டாடினார்கள். இந்தப் பந்தயத்துக்குத் தயார்செய்ய கேம்பிரிட்ஜில் தனிப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். எட்வர்ட் ரவுத் என்பவர் ஒருவரே இருபத்தைந்துக்கும் மேற்பட்ட முதலிடக்காரர்களை உருவாக்கினார். நம் ஊர் கோச்சிங் சென்டர் பேனர்களில் வரிசையாக முகங்களைப் பார்க்கும்போது எனக்கு ரவுத் ஞாபகம் வரும். லண்டனில் இதே மாதிரித் தேர்வுகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் கார். மாணவர்களுக்காகச் சேர்த்த குறிப்புகளைத்தான் 1880களில் புத்தகமாக்கினார். ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள், எண் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக. நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. இருந்தால் ஒரு வரி, அல்லது 'முந்தைய இன்ன எண்ணைப் பார்' என்று ஒரு சுட்டு.

அதாவது நம் விளக்கவுரைக்கு நேர் எதிரான பொருள். விடை இருக்கிறது, வழி இல்லை. லண்டன் மாணவனுக்கு வழியைச் சொல்ல எதிரில் கார் இருந்தார். கும்பகோணத்துப் பையனுக்கு யாரும் இல்லை. அதனால் ஒவ்வொரு முடிவுக்கும் வழியை அவனே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தான். தான் சரியான வழியில் வந்தோமா என்று தெரிந்துகொள்ள அவனிடம் இருந்த ஒரே சாட்சி, புத்தகத்தில் அச்சாகியிருந்த கடைசி வரி. பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் எங்கே தப்பு என்று புத்தகம் சொல்லாது.

இதைப் பொன்னாக மட்டும் காட்டினால் அது பொய்யாகிவிடும். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கிருந்து எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. இன்னொரு நஷ்டமும் உண்டு. தனியாக உட்கார்ந்து அவர் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்தவை. ஹார்டி இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். சுவரோடு முட்டுவது ஒரு பயிற்சிதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் கதவு வைத்திருக்கிறாரா என்றும் ஒரு கட்டத்தில் பார்க்க வேண்டும்.

*

அந்தக் கதவு ராமானுஜனுக்கு ஒரு டெபுடி கலெக்டர் வழியாக வந்தது. வி. ராமசுவாமி ஐயர், 1907இல், கூத்தியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நாடெங்கும் உள்ள கணித ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் இந்தியக் கணிதச் சங்கம். 1910இல் அவர் திருக்கோயிலூரில் இருந்தபோது ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோடு போய் அவரைப் பார்த்தார்.

சங்கத்தின் இதழில் ஒரு பகுதி, 'கேள்விகள்'. யார் வேண்டுமானாலும் கேள்வி அனுப்பலாம். யார் வேண்டுமானாலும் விடை அனுப்பலாம். கல்லூரி ஆசிரியர்களும் கணக்கில் ருசி உள்ள அதிகாரிகளும் தபாலில் மோதிக்கொண்ட இடம் அது. 1911இல் ராமானுஜன் அனுப்பியதில் ஒன்று 289ஆம் கேள்வி. ஒன்றோடு, இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டு. அந்த வர்க்கமூலத்துக்குள் ஒன்றோடு, மூன்று மடங்கு இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் நான்கு மடங்கு. இப்படியே முடிவில்லாமல் உள்ளே போகும். வெளியே எல்லாவற்றையும் மூடி ஒரு வர்க்கமூலம். இதன் மதிப்பு என்ன?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த இதழ். மூன்று இதழ்கள் வந்தன. ஆறு மாதம். ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே எழுதி அனுப்பினார். விடை 3. அவர் நோட்டில் இருந்த ஒரு பெரிய சூத்திரத்தின் சின்னக் கிளைதான் அது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகும் அவர் கேள்விகள் அனுப்புவதை நிறுத்தவில்லை. மொத்தம் ஐம்பதுக்கும் மேல்.

எனக்குப் பிடித்தது அந்த ஆறு மாதம். விடை தெரிந்தவர் ஒருவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்த ஆறு மாதம்.

இதையே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஏற்பாடாகச் செய்தவர்கள் ஹங்கேரிக்காரர்கள். 1894இல் டேனியல் ஆரனி என்ற பள்ளி ஆசிரியர் கியோர் நகரத்திலிருந்து 'கோமல்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாணவர் கணித இதழைத் தொடங்கினார். மாதாமாதம் கணக்குகள் வரும். பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். பிறகு சிறந்த தீர்வுகள் போட்டவர் பெயரோடு அச்சாகும். பால் எர்டிஷ் இப்படிக் கணக்கு அனுப்பி வளர்ந்தவர். முதலில் தனியாகத் திண்டாடு. பிறகு அதே கணக்கை இன்னொரு ஊர்ப் பிள்ளை எப்படிப் போட்டான் என்று பார். இரண்டும் அதில் இருந்தன. அந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டது ஆசிரியர் அல்ல, தபால்காரர்.

*

கம்ப்யூட்டர் வந்ததும் தபால்காரர் போய்விட்டார். 1970இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு நிரல் போட்டி நடந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று 'ஐசிபிசி' என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்லும் போட்டி. முதல் இறுதிச்சுற்று 1977இல் அட்லாண்டாவில். மூன்று பேர், ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளுக்கான சர்வதேச ஒலிம்பியாட் 1989இல் பல்கேரியாவில் தொடங்கியது.

ஆனால் தினப்பயிற்சிக்கு வழிசெய்தது ஸ்பெயினில் உள்ள வயாதோலித் பல்கலைக்கழகம். மிகேல் ரெவியா என்ற கணிதப் பேராசிரியரும் மாணவர்களும் தங்கள் போட்டிக் குழுவுக்காக வைத்திருந்த தானியங்கி ஜட்ஜை 1997இல் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். அதன்பின் மதுரையில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தவனும் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பெயினில் இருக்கும் எந்திரத்திடம் கணக்குக் காட்ட முடிந்தது. பிறகு 2009இல் நம் நாட்டு 'கோட்செஃப்', அடுத்த வருடம் ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்து மைக் மிர்சயானோவின் 'கோட்ஃபோர்சஸ்'.

இந்த ஜட்ஜை நான் முதலில் கருணையில்லாத எந்திரம் என்று நினைத்தேன். தப்பு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. யோசிக்க யோசிக்க, இது கார் புத்தகம் அல்லவா என்று தோன்றியது. கடைசி வரி மட்டும் உண்டு, வழி கிடையாது. கும்பகோணத்துத் திண்ணையில் தற்செயலாக அமைந்த ஒன்றை வயாதோலித்காரர்கள் வேண்டுமென்றே செய்து உலகத்துக்குக் கொடுத்தார்கள். விளக்கவுரை அதன் பக்கத்தில் பிறகு வந்து உட்கார்ந்தது. அதிலும் தப்பில்லை, கோமலில் அச்சான தீர்வு மாதிரிதான். தப்பு, நடுவில் இருந்த ஒரு மாதம் காணாமல் போனதில். முன்பு தபால் காத்த இடைவெளியை இன்று படிக்கிறவனே காக்க வேண்டியிருக்கிறது.

சென்னை சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்து ஆசிரியர்கள் பலகாலமாக முன்னின்று நடத்தும் இந்தியக் கம்ப்யூட்டிங் ஒலிம்பியாடில் இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அதன் முதற்சுற்றுகளில் ஒன்று வெறும் எழுத்துத் தேர்வு. கம்ப்யூட்டரே கிடையாது. காகிதத்தில் யோசித்து எண்ணை எழுத வேண்டும். நிரல் எழுதத் தெரியாத பிள்ளையும் உட்காரலாம். நிரல் என்பது கை. கணக்கு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்று சொல்லாமல் சொல்லும் தேர்வு. இந்த ஏற்பாட்டின் வழியாக 2002இலிருந்து நம் பிள்ளைகள் சர்வதேச ஒலிம்பியாடுக்குப் போகிறார்கள்.

*

இத்தனையையும் மருமகனிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போயிருப்பான். ஓர் ஒப்பந்தம் மட்டும் போட்டோம். நாளைக்கு ஒரே ஒரு கணக்கு. ஒரு மணி நேரம் முட்டிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் மூடிவைத்துவிட்டு மறுநாள் மறுபடி. இரண்டு நாள் கழித்துத்தான் விளக்கவுரை. கணக்கு வந்துவிட்டாலும் வேறு இரண்டு பேர் எழுதியதைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் காரணத்தை நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

முதல் வாரம் அவனுக்கு நரகம். எண்ணிக்கை ஏறவே இல்லை. "கூடப் படிக்கிறவன்லாம் ஆயிரத்தைத் தாண்டிட்டான் மாமா" என்று முனகினான்.

இரண்டாவது வாரம் வந்த கணக்கு எனக்கே புரிகிற மாதிரி எளிமையானது. ஒரு லட்சம் எண்கள் கொடுப்பார்கள். இரண்டு எண்களைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வர வேண்டும். அப்படி எத்தனை ஜோடிகள்? எல்லா ஜோடிகளையும் பார்த்துவிடலாம் என்று எழுதி ஏற்றினான். 'டைம் லிமிட் எக்சீடட்'. ஒரு லட்சம் எண்களில் ஜோடிகள் மட்டும் கிட்டத்தட்ட ஐநூறு கோடி. எந்திரம் நொடிக்குப் பத்துக் கோடி வேலை செய்தாலும் ஐம்பது நொடி ஆகும். கொடுத்ததோ ஒரு நொடி.

அன்று படுத்துவிட்டான். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே கத்தினான், "வரிசைப்படுத்திட்டு ரெண்டு பக்கத்துல இருந்தும் வரலாம் மாமா!" சின்ன எண்ணிலிருந்து ஒரு விரல், பெரிய எண்ணிலிருந்து ஒரு விரல். தொகை குறைந்தால் இடது விரலை நகர்த்து, கூடினால் வலது விரலை நகர்த்து. வரிசைப்படுத்த இருபது லட்சத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஏற்றினான். 'ராங் ஆன்சர்'.

ஒரே எண் பலமுறை வந்தால் அவன் நிரல் ஒரு ஜோடியைத்தான் எண்ணியது. அதைச் சாயங்காலம் கண்டுபிடித்துத் திருத்தினான். மறுபடி 'ராங் ஆன்சர்'.

இரண்டாம் நாள் ராத்திரி. விளக்கவுரையைத் திறக்க ஒப்பந்தப்படி அவனுக்கு உரிமை வந்துவிட்டது. திறக்கவில்லை. "என்னத்த விட்டேன்னு தெரியாமத் தூக்கம் வராது" என்றான். ஜட்ஜ் என்ன கொடுத்துப் பார்த்திருக்கும் என்று தானே யோசித்து, மோசமான உள்ளீடு ஒன்றைத் தயார்செய்தான். ஒரு லட்சம் எண்களும் ஒன்று, தொகை இரண்டு. எந்த இரண்டை எடுத்தாலும் ஜோடிதான். விடை 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம் வர வேண்டும். திரையில் வந்தது 70,49,82,704.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். எண்ணிக்கையைப் போட்டுவைக்க அவன் எடுத்துக்கொண்ட பெட்டியில் 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் கொள்ளாது. மரக்காலில் மூட்டை நெல்லைக் கொட்டினால் வழிவதுபோல வழிந்து, மிச்சம் நின்றது எழுபது கோடி. பெட்டியைப் பெரிதாக்கினான். பச்சை வந்தது.

இதே ஓட்டையைப் பற்றி முன்பு விளக்கவுரைகளில் பத்துத் தடவையாவது படித்திருப்பான். படித்தது தங்கவில்லை. இதற்கப்புறம் எந்தக் கணக்கை எடுத்தாலும், எழுதுவதற்கு முன்னால் "விடை எவ்வளவு பெருசா வரும்?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறான்.

ஏழெட்டு மாதம் ஆகிறது. மந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. போன போட்டியில் ஆறில் இரண்டு போட்டான், மூன்றாவதில் மாட்டினான். போட்டி முடிந்து நாலு நாள் அதை விடாமல் வைத்திருந்தான். கம்பெனித் தேர்வு இனிமேல்தான். வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. 'விட்டுடலாம்' என்ற சொல்லை மட்டும் அவன் வாயில் அப்புறம் கேட்கவில்லை.

ஒருநாள் சும்மா இருந்தபோது ராமானுஜனின் 289ஆம் கேள்வியை அவனிடம் கொடுத்தேன். விடை 3 என்று சொன்னேன், வழியைச் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை. மூன்று என்பது ஒன்பதின் வர்க்கமூலம், ஒன்பது என்பது ஒன்றும் எட்டும். அதற்குமேல் உங்கள் பாடு.

அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் வரிசையாக எழுதி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். கண்மாய்க் காற்றில் நின்று படித்துப் பார்த்தேன். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக அழகாக இறங்கியது. சரிதான் என்று முதுகில் தட்டினேன்.

அவன் திருப்தி ஆகவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருங்க மாமா. எத்தனை படி வேணும்னாலும் இறங்கலாம்னுதான் காட்டிருக்கேன். முடிவில்லாமப் போனாலும் மூணுலதான் போய் நிக்கும்னு இன்னும் சொல்லலையே?"

ராமானுஜன் இதழுக்கு அனுப்பிய விடையிலும் அந்த இடம் திறந்தேதான் இருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.